இத்தாலிய மொழியின் அடங்காத வினைகள்

கி.பி. 960, மார்ச் மாதம். தென் இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு வடக்கே உள்ள காப்புவா நகரில், நீதிபதி அரெக்கிஸியின் முன் ஒரு நிலவழக்கு விசாரணைக்கு வந்தது. ஒரு தரப்பு மோந்தெகஸ்ஸீனோ மடம். மறுதரப்பு அக்வீனோ ஊர்க்காரரான ரோதெல்க்ரீமோ. 883இல் சராசன்கள் என்றழைக்கப்பட்ட முஸ்லிம் படையினர் மடத்தை எரித்தபோது துறவிகள் வேறு ஊர்களில் போய்த் தங்கியிருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பினால், மடத்து நிலங்களுக்கு யார் யாரோ உரிமை கொண்டாடினார்கள். முப்பது ஆண்டு அனுபவ பாத்தியதை மடத்துக்கே உண்டு என்று நிரூபிக்க மூன்று சாட்சிகள் வந்தனர். நிலத்தின் எல்லைகளைக் குறித்த ஆவணத்தை ஒவ்வொருவரும் ஒரு கையில் பிடித்து, மறுகையால் அதைத் தொட்டு, ஒரே வாசகத்தைச் சொன்னார்கள்.

தீர்ப்பு லத்தீனில் எழுதப்பட்டது. சாட்சி வாசகத்தை மட்டும் எழுத்தர் ஊரார் பேசும் மொழியிலேயே பதிந்து வைத்தார். இத்தாலிய மொழியின் பிறப்புச் சான்றிதழ் என்று அறிஞர்கள் போற்றுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதன் முதல் சொல் 'ஸாவோ'. 'எனக்குத் தெரியும்' என்று பொருள்.

இன்றைய இத்தாலியப் பாடநூல் எதைத் திறந்தாலும் ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலில் இந்த வினை இருக்கும்: ஸோ, ஸாய், ஸா, ஸப்பியாமோ, ஸபேத்தே, ஸன்னோ. ஆக, மொழியின் முதல் ஆவணத்தில் முதலில் நிற்பதே விதிக்கு அடங்காத ஒரு வினைச்சொல். அறிஞர்களை இன்னொன்றும் வெகுகாலம் குழப்பியது. லத்தீன் 'ஸாப்பியோ' காப்புவா வட்டாரத்தில் இயல்பாகத் தேய்ந்தால் 'ஸச்சோ' என்றுதான் ஆகும். நேப்பிள்ஸ்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். பின் 'ஸாவோ' எங்கிருந்து வந்தது? கொடு, நில் என்ற பொருளுள்ள மிகச் சிறிய வினைகளான 'தாவோ', 'ஸ்தாவோ' ஆகியவற்றைப் பார்த்து, அவற்றைப் போலவே இதுவும் வளைந்தது என்பது ஒரு விளக்கம். வடக்கே தஸ்கனியில் பிறந்த 'ஸோ' என்ற வடிவத்துக்கும் 'தோ', 'ஸ்தோ' என்ற அதே கூட்டாளிகள் உண்டு. ஒழுங்கற்றது என்று நாம் ஒதுக்கும் வடிவம், தன்னையொத்த வேறு சில வினைகளோடு சேர்ந்து ஒரு சிறிய ஒழுங்கை அமைத்துக்கொண்டிருக்கிறது. இத்தாலிய வினைகளின் வரலாறு நெடுக இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது.

பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் ஒலிமாற்றம். பழைய லத்தீனில் 'தீக்கோ' (சொல்கிறேன்), 'தீக்கிஸ்' (சொல்கிறாய்) இரண்டிலும் ஒரே ககரம்தான். காலப்போக்கில் இ, எ என்ற உயிர்களுக்கு முன்னால் வந்த ககரம் சகரமாக மெலிந்தது. 'தீக்கோ' அப்படியே நின்றது. 'தீக்கிஸ்' என்பது 'தீச்சி' ஆனது. ஒரே வினை இரண்டு முகம் பெற்றது இப்படித்தான். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

உச்சரிப்பு அழுத்தம் செய்த வேலை இதைவிடப் பெரிது. லத்தீனின் குறில் எ, ஒ இரண்டும் அழுத்தம் பெற்று, அசை உயிரிலேயே முடிந்த இடத்தில், தஸ்கனியில் 'இயே', 'உவோ' என்று விரிந்தன. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்த இடங்களில் அவை பழையபடியே இருந்தன. அதனால்தான் 'முவோரே' (இறக்கிறான்), 'மொரியாமோ' (இறக்கிறோம்). 'வியேனே' (வருகிறான்), 'வெனியாமோ' (வருகிறோம்). தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை இரண்டும் ஒரு பக்கம். நாம், நீங்கள் மறுபக்கம். பாடநூல்களில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தக் கட்டம், ரோமப் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலத்தில் மக்கள் எந்த அசையை அழுத்திச் சொன்னார்கள் என்பதன் பதிவு.

'போ' என்ற வினையின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வன்னோ. ஆங்கிலத்தின் கோ, வென்ட் போல, இரண்டு வெவ்வேறு வினைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. லத்தீனில் போவதைச் சொன்ன பழைய வினை 'ஈரே'. அதன் நிகழ்காலம் எயோ, ஈஸ், இத் என்று மிகக் குட்டையானது; பேச்சில் தேய்ந்து காதில் விழாமல் போயிற்று. அந்த வெற்றிடத்துக்கு 'வாதெரே' என்ற வினை வந்தது. 'அந்தாரே' என்ற இன்னொன்றும் வந்தது. இந்த 'அந்தாரே' எங்கே பிறந்தது என்பதில் மொழியியலாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இருவரும் வீட்டைப் பிரித்துக்கொண்ட விதம் தெளிவானது. பகுதியில் அழுத்தம் விழும் நான்கு இடங்களை 'வாதோ' எடுத்துக்கொண்டது. விகுதியில் அழுத்தம் விழும் இரண்டு இடங்கள் 'அந்தாரே'வுக்குப் போயின. 'முவோரே', 'மொரியாமோ' பிரிந்த அதே கோட்டில்தான் இங்கும் எல்லை. ஆக்ஸ்ஃபர்ட் மொழியியலாளர் மார்ட்டின் மெய்டன் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது இதைத்தான்: ஒலிமாற்றம் தற்செயலாகப் போட்ட கோடு, பின்னர் பேசுபவர்கள் மனத்தில் ஒரு வார்ப்பாகவே பதிந்துவிட்டது, புதிதாக வந்த சொற்களும் அந்த வார்ப்பிலேயே ஊற்றப்பட்டன.

'இரு' என்ற வினையான 'எஸ்ஸெரே'வில் மூன்று வினைகளின் எச்சங்கள் கலந்திருக்கின்றன. 'ஸோனோ', 'ஏரோ' ஒரு வேரிலிருந்து; 'ஃபூயி' இன்னொரு வேரிலிருந்து; இறந்தகால எச்சமான 'ஸ்தாத்தோ' நிற்பதைச் சொல்லும் 'ஸ்தாரே'விடம் வாங்கிய கடன். லத்தீன் 'எஸ்ஸெ'வுக்கு அப்படியொரு எச்சமே கிடையாது என்பதுதான் கடன் வாங்கியதன் காரணம். பழைய ஃபுளோரன்ஸ்காரர்கள் 'ஸூத்தோ' என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கிப் பார்த்தார்கள். மாக்கியவெல்லியின் எழுத்தில்கூட அது இருக்கிறது. நிலைக்கவில்லை.

இத்தாலிய வினைகளில் மாணவர்கள் அதிகம் அஞ்சுவது முடிந்துபோன கடந்த காலத்தைச் சொல்லும் 'பஸ்ஸாத்தோ ரெமோத்தோ'. 'எழுது' என்ற வினையில் அது இப்படிப் போகும்: ஸ்க்ரிஸ்ஸி, ஸ்க்ரிவேஸ்தி, ஸ்க்ரிஸ்ஸே, ஸ்க்ரிவெம்மோ, ஸ்க்ரிவேஸ்தே, ஸ்க்ரிஸ்ஸெரோ. நான், அவன், அவர்கள் என்ற மூன்று இடங்களில் மட்டும் பகுதி மாறுகிறது. மற்ற மூன்றிலும் வினை சாதுவாக இருக்கிறது. 'ஸ்க்ரிஸ்ஸி' லத்தீன் 'ஸ்க்ரிப்ஸி'யின் நேர் வாரிசு. 'திஸ்ஸி' (சொன்னேன்) 'தீக்ஸி'யின் வாரிசு. 'ஃபேச்சி' (செய்தேன்), 'வீதி' (பார்த்தேன்) ஆகியவையும் அப்படியே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஒழுங்கற்றவை எல்லாம் பழையவை, காலம் போகப்போக அவை ஒழுங்குக்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இத்தாலியில் நேர்மாறாகவும் நடந்தது. 'ஓடு' என்ற வினைக்கு லத்தீனில் இறந்தகாலம் 'குக்குர்ரி'. முதல் அசையை இரட்டிக்கும் மிகப் பழைய முறை. அது மறைந்தபோது மக்கள் ஒழுங்கான விகுதியைச் சேர்த்திருக்கலாம். அவர்கள் சேர்த்தது 'ஸ்க்ரிஸ்ஸி' வகையின் ஸகரத்தை: 'கோர்ஸி'. 'எடு' என்ற வினை 'ப்ரேஸி' ஆனது, 'பதில் சொல்' என்பது 'ரிஸ்போஸி' ஆனது, 'படி' என்பது 'லெஸ்ஸி' ஆனது. லத்தீனில் இந்த மூன்றுக்குமே ஸகர வடிவம் கிடையாது. மக்கள் தாமாக விரும்பி ஒழுங்கின்மையைப் பரப்பினார்கள். அந்த வடிவங்கள் குட்டையானவை, அழுத்தமானவை, கதை சொல்லும்போது சட்டென்று காதில் விழுபவை. பிழைத்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

இதைவிட ஆச்சரியம், ஒழுங்கான விகுதி ஒன்றே ஒழுங்கற்ற வினையிலிருந்து பிறந்தது. 'வெந்தெரே' (விற்க) என்பதன் இறந்தகாலத்துக்கு 'வெந்தெத்தி' என்ற வடிவத்தைப் பாடநூல்கள் விதிக்கு உட்பட்டதாகவே தருகின்றன. 'எத்தி' என்ற இந்த விகுதி லத்தீனில் எங்கும் இல்லை. நிற்பதைச் சொல்லும் 'ஸ்தாரே'வின் இறந்தகாலம் 'ஸ்தெத்தி'. கொடுப்பதைச் சொல்லும் 'தாரே' அதற்கு இணையாக, தன் பழைய 'தியேதி'யோடு 'தெத்தி' என்ற வடிவத்தையும் பெற்றது. விற்பது, இழப்பது, நம்புவது ஆகிய வினைகளின் உள்ளே 'தாரே' கலந்திருப்பதாக லத்தீன் காலத்திலிருந்தே மக்கள் உணர்ந்திருந்தார்கள். விற்பதன் லத்தீன் சொல்லே 'விலைக்குக் கொடு' என்று இரு சொற்கள் சேர்ந்ததுதான். எனவே 'வெந்தெத்தி', 'க்ரெதெத்தி'. அங்கிருந்து கொடுப்பதோடு எந்த உறவும் இல்லாத, அஞ்சுவதைச் சொல்லும் 'தெமேரே'வுக்கும் அது தாவியது: 'தெமெத்தி'. அதன்பின் இலக்கண ஆசிரியர்கள் அதை விதியாக எழுதிக்கொண்டார்கள். பட்டியலின் மிக முரட்டுத்தனமான இரண்டு வினைகள் ஒரு முழு வினைவகைக்கே சட்டம் வகுத்துத் தந்தன.

எதிர்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனின் எதிர்கால வடிவங்கள் செத்துப்போயின. 'நேசிக்க வேண்டியிருக்கிறது' என்பது போல வினையோடு 'உடைமை' வினையைச் சேர்த்துப் பேசும் வழக்கம் வளர்ந்து, இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாயின. 'அமெரோ', 'அமெராய்', 'அமெரா' என்பவற்றின் வால்கள், உடைமை வினையான 'அவேரே'வின் ஓ, ஆய், ஆ என்ற வடிவங்களே. இந்த ஒட்டுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஃப்ரெதெகார் என்ற பெயரால் வழங்கும் 7ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலில் உள்ளது. மாகாணங்களைத் திருப்பிக் கொடு என்று பேரரசர் ஜஸ்டினியன் கேட்க, பாரசீக மன்னன் 'கொடுக்க மாட்டேன்' என்று லத்தீன் வடிவில் மறுக்கிறான். ஜஸ்டினியன் 'தாராஸ்', அதாவது 'கொடுப்பாய்' என்று புதிய வடிவில் பதில் சொல்கிறார். தாராஸ் என்ற நகரத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான் என்கிறது நூல். ஊர்ப்பெயர்க் கதை கட்டுக்கதைதான். வினை வடிவம் உண்மையானது.

இவ்வளவும் எந்த இலக்கண நூலின் துணையும் இல்லாமல் நடந்தது. நூல்கள் வந்தபோது சண்டையும் வந்தது.

இத்தாலியப் பேச்சுமொழிக்கு முதன்முதலில் இலக்கணம் எழுதியவர் கட்டடக்கலை மேதை லியோன் பத்தீஸ்தா அல்பெர்த்தி. 1440 வாக்கில், தன் காலத்து ஃபுளோரன்ஸ் மக்கள் பேசியதைக் கேட்டு அப்படியே எழுதினார். 'நான் இருந்தேன்' என்பதற்கு அவர் தந்த வடிவம் 'ஏரோ'. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அது 'ஏரா'. அவனுக்கும் 'ஏரா', எனக்கும் 'ஏரா'. இரண்டையும் பிரித்துக் காட்ட, மற்ற தன்மை வினைகளைப் போல ஓகாரத்தை வைத்துக்கொண்டது ஃபுளோரன்ஸ் மக்களின் அறிவு. அல்பெர்த்தியின் சிறு நூல் அக்காலத்தில் அச்சேறவில்லை. 1508இல் எடுக்கப்பட்ட ஒரு பிரதி மட்டும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதை எழுதுவித்தவர் பியெத்ரோ பெம்போ என்ற வெனிஸ் நகரத்துப் பிரபு.

1516இல் ஜொவான் ஃபிரான்செஸ்கோ ஃபொர்த்தூனியோ எழுதிய இலக்கணம் அங்கோனா நகரில் அச்சானது. அச்சில் வந்த முதல் இத்தாலிய இலக்கணம் அதுதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1525இல், பெம்போவின் 'ப்ரோஸே தெல்லா வோல்கர் லிங்குவா' வெளியாகி எல்லாவற்றையும் மூடி மறைத்தது. நான்கு பேர் உரையாடுவதாக அமைந்த நூல். மூன்றாம் பகுதி முழுக்க இலக்கணம். பெம்போவின் கொள்கை எளிமையானது, கடுமையானது: கவிதைக்குப் பெத்ரார்கா, உரைநடைக்கு பொக்காச்சோ. இருவரும் 14ஆம் நூற்றாண்டினர். அவர்களுக்குப் பின் ஃபுளோரன்ஸில் மக்கள் என்ன பேசினாலும் அது கணக்கில் வராது. எனவே 'நான் நேசித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கு 'அமாவா' என்றே எழுத வேண்டும், 'அமாவோ' கூடாது. அல்பெர்த்தியின் பிரதி அவர் கைக்கு வந்திருந்தது. ஆனாலும் உயிரோடு இருந்தவர்களின் வாயைவிட இறந்தவர்களின் ஏட்டையே அவர் நம்பினார்.

பெம்போவைக் குறை சொல்வது எளிது. அவர் தஸ்கனியில் பிறந்தவர் அல்ல என்பதை மறக்கக் கூடாது. வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ் என்று ஊருக்கொரு மொழி பேசிய நிலத்தில், எந்த ஊர்க்காரரும் ஏட்டைப் பார்த்துக் கற்கக்கூடிய ஒரு மொழியை அவர் தேடினார். ஏடு அசையாது, பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேர்வுக்கு விலையும் இருந்தது. முந்நூறு ஆண்டுகள் இத்தாலியர்கள் எழுதும்போது ஒரு வடிவத்தையும், ஃபுளோரன்ஸ்காரர்கள் பேசும்போது இன்னொன்றையும் பயன்படுத்த நேர்ந்தது.

இந்த இடைவெளியில் வடிவங்கள் மலைபோல் குவிந்தன. 'நான் வருகிறேன்' என்பதற்குத் தாந்தே காலத்தின் 'வெஞ்ஞோ'வும் இருந்தது, பின்னர் வென்ற 'வெங்கோ'வும் இருந்தது. 'நான் செய்கிறேன்' என்பதற்கு 'ஃபாச்சோ', 'ஃபோ'. கடமைப்படுவதற்கு 'தேவோ', 'தெப்போ', 'தெஜ்ஜோ'. எதை எங்கே எழுதுவது? 1814இல் மார்க்கோ மஸ்த்ரோஃபீனி என்ற பாதிரியார் ரோமில் இரண்டு பாகங்களில் ஒரு வினை அகராதியை வெளியிட்டார். விதிக்கு அடங்காத வினைகளுக்கென்றே சிறப்பாக உழைத்த நூல். ஒவ்வொரு வினையையும் கட்டம் போட்டு, இது சரியானது, இது பழையது, இது கவிதைக்கு உரியது, இது ஐயத்துக்குரியது அல்லது பிழை என்று வடிவங்களைத் தனித்தனியே நிறுத்தினார். ஒரு மொழி தன் வினைகளைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதை அந்தப் பத்திகளைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

மிலானைச் சேர்ந்த அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனி தன் நாவலான 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி'யை 1827இல் வெளியிட்டு முடித்தார். அதே ஆண்டு கோடையில் ஃபுளோரன்ஸுக்குப் போனார். அங்கே கேட்ட மொழி அவர் எழுதியதைப் போல இல்லை. வெற்றி பெற்ற நாவலை அப்படியே விட்டுவிடாமல், வரி வரியாகத் திருத்தத் தொடங்கினார். ஃபுளோரன்ஸ் நண்பர்களும், அந்நகரில் பிறந்த எமீலியா லூத்தி என்ற பெண்ணும் உதவினார்கள். 1840 முதல் 1842 வரை திருத்திய பதிப்பு பகுதி பகுதியாக வந்தது. 'நான்' பேசும் இடங்களில் 'அவேவா' இப்போது 'அவேவோ' ஆகியிருந்தது. 'ஏரா' 'ஏரோ' ஆகியிருந்தது. அல்பெர்த்தி குறித்து வைத்த வடிவம் நானூறு ஆண்டுகள் கழித்து அச்சில் அரியணை ஏறியது. அந்த நாவல் பள்ளிப்பாடமானதால் ஓகாரமும் நாடெங்கும் போயிற்று.

நாடு என்று சொன்னாலும், 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியில் இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மவ்ரோ 1963இல் எழுதிய நூலில் மதிப்பிட்டார். இன்னொரு மொழியியலாளரான அர்ரீகோ கஸ்தெல்லானி பின்னர் அதைப் பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்று உயர்த்தினார். எந்தக் கணக்கை எடுத்தாலும், கோடிக்கணக்கானோர் 'வாதோ, அந்தியாமோ'வை அயல்மொழி போலப் பள்ளியில்தான் கற்றார்கள். பள்ளியைத் தவறவிட்டவர்களுக்கு 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்ஸி என்ற ஆசிரியர் தொலைக்காட்சியில் எழுத்தறிவித்தார். பெரிய காகிதத்தில் கரித்துண்டால் படம் வரைந்து பாடம் நடத்துவார்.

கற்ற இடம் வேறு வேறானதால், வினைகள் இன்றும் ஊருக்கு ஊர் வேறாக வாழ்கின்றன. வட இத்தாலியில் பேச்சில் 'ஸ்க்ரிஸ்ஸி' அநேகமாக ஒலிப்பதில்லை; அது கதைப் புத்தகத்துக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் உரியது. சிசிலியில் அன்று காலை நடந்ததைச் சொல்வதற்கும் அந்தக் காலம் வரும். தஸ்கனியில் அண்மையும் தொலைவும் பேச்சிலேயே பிரிகின்றன.

பிழைகளுக்கும் வரலாறு உண்டு. விருப்பம், ஐயம், மரியாதையான வேண்டுகோள் ஆகியவற்றைச் சொல்லும் 'கொன்ஜுந்தீவோ' வடிவத்தில், 'போங்கள்' என்பதற்கு 'வாதா' சரி; 'வாதி' தவறு. 1975இல் வந்த 'ஃபந்தோத்ஸி' திரைப்படத்தின் எளிய அலுவலக ஊழியர்கள் இந்த வகைத் தவறுகளைச் செய்துகொண்டே இருப்பார்கள். இத்தாலி முழுக்கச் சிரித்தது. 'வாதி', 'ஃபச்சி' போன்றவை 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஃபுளோரன்ஸில் படித்தவர்களே எழுதிய வடிவங்கள். பெம்போவின் ஏட்டில் இடம் கிடைக்காததால் அவை கீழே தள்ளப்பட்டன. கல்வியில்லாதவன் மொழியைக் கெடுக்கிறான் என்ற வசைக்கு இந்த இடத்தில் ஆதாரம் இல்லை.

இணையக் காலத்தில் பிறக்கும் வினைகள், 'க்ளிக்காரே', 'பொஸ்தாரே', 'சத்தாரே' என்று ஏறத்தாழ எல்லாமே 'ஆரே' வகையில் சேர்ந்து விதிப்படி நடக்கின்றன. பழையவற்றில் சிலவும் மெல்ல வழிக்கு வருகின்றன. 'கண்டுபிடி' என்ற பொருளுள்ள வினை ஒருகாலத்தில் 'த்ருவோவோ, த்ரொவியாமோ' என்று இரண்டு முகத்தோடு இருந்தது. ரகரத்துக்குப் பின் வந்த 'உவோ' பேச்சில் தேய்ந்ததும் 'த்ரோவோ, த்ரொவியாமோ' என்று தானாகவே சீரானது. இசைக்கருவி வாசிப்பதைச் சொல்லும் 'ஸுவொனாரே'வில் மாற்றம் இப்போது கண்ணெதிரே நடக்கிறது. 'ஸுவோனோ' என்றால் 'ஸொனியாமோ' என்று வர வேண்டும் என்பது பழைய இலக்கணம்; இன்று 'ஸுவொனியாமோ' என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். இறப்பைச் சொல்லும் வினையை மட்டும் யாரும் தொடவில்லை. 'முவோரே' என்றவர்கள் அடுத்த வாக்கியத்தில் 'மொரியாமோ' என்றுதான் சொல்கிறார்கள், சிசிலியிலும் மிலானிலும்.